தோளைத் தொடும் வரை

ஆசீர் அண்ணாச்சி வந்து தோளைத் தொடுகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. சட்டம் அது ஒன்றுதான், மற்றபடி பாடலாம், அழலாம், வாய்க்குள் முணுமுணுக்கலாம், ஒன்றும் வராவிட்டால் சும்மாவே இருக்கலாம், ஆனால் முழங்கால் பாயை விட்டுப் போகக் கூடாது என்பது கிங்ஸ்லிக்குத் தெரியும், அவனுக்குத் தெரிந்தது அவன் முழங்காலுக்குத் தெரியவில்லை. வலது முழங்கால் முதலில் கெஞ்சியது, பிறகு மிரட்டியது, இப்போது பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனது மாதிரி மரத்துக் கிடந்தது. தேரிவிளைக் கோயிலில் சங்கிலி ஜெபம் என்றால் இப்படித்தான். விடிந்ததிலிருந்து பொழுதடைகிற வரைக்கும் ஆளுக்கு ஒரு மணி நேரம், பீடத்தை மறித்து நிற்கும் கிராதிக் கம்பிக்கு முன்னால் விரித்த கோரைப்பாயில் ஒருவர் முழங்காலில் நிற்பார், அடுத்தவர் வந்து தோளைத் தொட்டால் இவர் எழுந்து போவார், அவர் நிற்பார். நடுவில் பாய் காலியாகக் கிடந்தால் சங்கிலி அறுந்தது என்று அர்த்தம், அறுந்த சங்கிலியோடு ஊருக்குள் முகம் காட்ட முடியாது. இந்தச் சங்கிலி போட்டிருப்பது கிங்ஸ்லியின் மகளுக்காக. ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்ட பிள்ளை, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள், தொண்டைக்குள் ட்யூப், அவளுக்கான மூச்சை மெஷின் விடுகிறது. இன்றைக்குக் காலையில் அந்த ட்யூபை எடுத்துப் பார்ப்பதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார். இதற்கு முன்னால் இரண்டு தடவை எடுத்தார்கள், இரண்டு தடவையும் பிள்ளை சற்று நேரம் தானாக மூச்சு விட்டுப் பார்த்துவிட்டு, இது நமக்குச் சரிப்படாது என்பது போல நிறுத்திக்கொண்டது, ஓடிவந்து திரும்பச் சொருகினார்கள். இது மூன்றாவது தடவை. பெட்டிப் பக்கம் தாய் மட்டும்தான் போகலாம், ஹெப்சி அங்கே இருக்கிறாள். ‘நீங்க வராண்டாவுல குறுக்கயும் நெடுக்கயும் நடந்து நர்சுமாரைப் பயங்காட்டாதீங்க அத்தான், ஊருக்குப் போயி ஒங்க மணி நேரத்தைப் பாருங்க, எதுன்னாலும் நான் போன் பண்ணுதேன்’ என்று அவனை பஸ் ஏற்றிவிட்டாள். அந்தப் போன் இப்போது கோயில் வாசல் படியில், அவன் கழற்றிப் போட்ட செருப்புக்குள் கிடக்கிறது.

போனை ஏன் செருப்பில் வைக்க வேண்டும் என்றால் அதற்கும் ஆசீர் அண்ணாச்சிதான் காரணம். முந்தைய சங்கிலி ஜெபத்தில், யாருக்காக என்பதே மறந்துவிட்டது, மழைக்காக இருக்கலாம், அண்ணாச்சி கண்ணீரோடு கையை உயர்த்திய நேரம் பார்த்து அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு குத்துப்பாட்டு கிளம்பியது, அதை அணைக்கத் தெரியாமல் அவர் பையை ஓங்கி ஓங்கி அடிக்க, மனுஷன் மாரில் அடித்துக்கொண்டு மனந்திரும்புகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்களும் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். அன்றோடு கோயில்பிள்ளை மாசிலாமணி, அவர்தான் கோயிலைத் திறந்து பூட்டி மணி அடிக்கிறவர், எல்லார் போனும் வாசலோடு நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆண்டவரே, இதையெல்லாம் நினைக்கவா வந்தேன், மன்னியும், பிள்ளையை நினைக்கிறேன், பிள்ளையை. கிங்ஸ்லிக்கு ஜெபிக்க வராது. ஊரில் கல்யாணம், கன்வென்ஷன், அசன விருந்து என்று எது நடந்தாலும் மைக் செட் அவனுடையதுதான், மற்றவர்கள் பேசுவதை ஊருக்கெல்லாம் கேட்க வைக்கிறவனுக்குத் தன் வாய் மட்டும் ஒத்துழைக்காது. கண்ணை மூடினால் ஹலோ, ஹலோ, ஒன் டூ த்ரீ என்றுதான் வரும். இந்தச் சங்கிலியின் முதல் நாளில் உண்மையாகவே ‘ஹலோ ஆண்டவரே’ என்று ஆரம்பித்துவிட்டான், வெட்கமாகப் போய்விட்டது, ஆனால் மேலேயிருந்து இடியொன்றும் விழவில்லை, அதனால் அப்படியே தொடர்ந்தான். மற்றவர்கள் ஜெபித்தால் ஆற்றில் வெள்ளம் வந்த மாதிரி இருக்கும். ஆசீர் அண்ணாச்சி ஜெபித்தால் மதகே உடைந்துவிடும், அப்படி ஜெபிக்கிற வாயா அசனத்தன்று அந்தப் பேச்சுப் பேசியது. ஐயோ, அதை நினைக்கக் கூடாது, இப்போது நினைக்கவே கூடாது, ஆனால் நினைவு என்பது ஆட்டுக்குட்டி மாதிரி, வேலி கட்டின பக்கமே தலையை விடும். சமையல் பந்தலில் வைத்திருந்த மைக்கை அணைக்க மறந்து கிங்ஸ்லி டீ குடிக்கப் போயிருந்தான், பாதிரி ஐயர் கோயிலுக்குள் ஆசீர்வாத ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நாலு பனைமரத்திலும் கட்டின குழாய் ஸ்பீக்கரில் ஆசீர் அண்ணாச்சியின் குரல் கணீரென்று வருகிறது: ‘லேய், ஈரலைத் தனியா எனக்கு எடுத்து வையி, ஐயரு கேட்டா இந்த ஆட்டுக்கு ஈரலே கெடையாதுன்னு சொல்லு.’ கிங்ஸ்லிக்கு வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு கிளம்பியது. உதட்டைக் கடித்தான், கிராதியில் நெற்றியை முட்டினான், கையால் வாயைப் பொத்தினான், சிரிப்பு மூக்கு வழியாக விம்மல் மாதிரி வெளியே வந்தது, தோள் இரண்டும் குலுங்கின, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, மகள் மூச்சுக்குப் போராடுகிற நேரத்தில் ஈரலை நினைத்துச் சிரிக்கிற ஒரு தகப்பன் உண்டா என்று தன்னைத் திட்டினான், திட்டியதும் இன்னும் அதிகமாகக் குலுங்கியது. பின்னால் கதவு லேசாக முனகிற்று. காற்றாக இருக்கும்.

சிரித்து முடித்தால் வயிறு காலியாகிப் பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, வாடகைக்கு வீடு காலியானது எப்படித்தான் தெரிகிறதோ அதற்கு. மின்விசிறி கிர்க் கிர்க் என்று சுற்றியது, பேரிங் போய்விட்டது, எண்ணெய் விட்டால் சரியாகும். உத்திரத்தில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் இன்னும் தொங்குகிறது, கழற்ற ஆளில்லை, ஒரு குருவி அதற்குள் வைக்கோலைக் கொண்டு போகிறது. குருவிக் குஞ்சு மாதிரிதான் இருந்தாள். முதல் தடவை நர்சம்மா கண்ணாடி வழியாகக் காட்டியபோது, கார்டுலெஸ் மைக் ஒன்றைத் துணியில் சுற்றிப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்றுதான் அவனுக்குத் தோன்றியது, இவ்வளவுதானா என்றான், ‘இவ்வளவும் இருக்கே’ என்றாள் ஹெப்சி. பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஞானஸ்நானம் கொடுக்கும்போதுதான் பெயர், அது ஊர் வழக்கம். பெயரில்லாத பிள்ளைக்கு எப்படி ஜெபிப்பது என்று சங்கிலியின் முதல் நாளே பெண்கள் மத்தியில் பெரிய வழக்கு, கடைசியில் அவரவர் இஷ்டத்துக்கு ஒரு பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் மன்றாடுகிறார்கள். ஒருத்தி கிருபா என்கிறாள், ஒருத்தி ராஜாத்தி என்கிறாள், ஆசீர் அண்ணாச்சி ‘இந்தச் சின்னப் பொடிசு’ என்கிறார், ஆண்டவர் குழம்பிப்போய் வேறு யார் வீட்டுப் பிள்ளைக்காவது பலனைக் கொடுத்துவிடப் போகிறார் என்று கிங்ஸ்லிக்கு உள்ளூர ஒரு கவலை. பள்ளிக்கூடத்து டெய்சி டீச்சர் மட்டும் ‘அவள்’ என்று சொல்லுவாள். ‘அவளுக்கு மூச்சைத் தாரும்.’ அவ்வளவுதான், வேறு அலங்காரம் கிடையாது, ஒரு மணி நேரமும் அதையேதான் சொல்லுவாள், கணக்கு வாய்ப்பாடு மாதிரி. இரண்டாம் தடவையும் ட்யூபைத் திரும்பச் சொருகிய அன்றைக்குச் சாயங்காலம் கிங்ஸ்லி நேராக டீச்சர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றுகொண்டு, ‘போதும் டீச்சர், எல்லாரும் வேலை வெட்டியை விட்டுட்டு வந்து முழங்கால் தேயுதாங்க, எனக்குக் கூச்சமா இருக்கு, சங்கிலியை நிறுத்திருவோம்’ என்றான். டெய்சி டீச்சர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. ‘நீ வேணா நிறுத்திக்கோ கிங்ஸ்லி. நாங்க நிறுத்தலை. ஒன்னைக் கேட்டா ஆரம்பிச்சோம்?’ என்றாள். கூடவே ஒரு கட்டுக் கீரையையும் கையில் கொடுத்து அனுப்பினாள். அடுத்த நாள் விடியற்காலையில் எல்லாருக்கும் முன்னால் போய்ப் பாயில் நின்றது கிங்ஸ்லிதான், கோபத்தில் போனானா நம்பிக்கையில் போனானா என்று அவனுக்கே தெரியாது, கால் போனது, அவனும் போனான்.

பள்ளிக்கூடத்தில் இன்டர்வெல் மணி அடித்தது. அப்படியானால் அவன் மணி நேரம் முடிந்துவிட்டது, இப்போது ஆசீர் அண்ணாச்சி வரவேண்டும், வரமாட்டார். மொபெட்டில் மீன் விற்கிறவர், விற்று முடிக்காமல் வண்டியைத் திருப்ப மாட்டார், தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்தவர் என்று அவர் பெண்டாட்டியே சொல்லுவாள். மீனை நினைத்ததும் மீன் வாடையே அடிக்கிற மாதிரி இருந்தது, நேற்று ராத்திரிகூடச் சரியாகச் சாப்பிடவில்லை, பசி இப்படித்தான் மூக்கை ஏமாற்றும். அப்போதுதான் போன் அடித்தது. வாசல் படியில், செருப்புக்குள். அவன் போன்தான், ஆயிரம் போனுக்கு நடுவில் அடித்தாலும் அவன் காது அதைப் பிரித்தெடுக்கும். ஹெப்சி. வேறு யாரும் இந்த நேரத்தில் கூப்பிட மாட்டார்கள். உடம்பு எழும்பிவிட்டது, முழங்கால் பாயிலிருந்து ஒரு விரற்கடை உயர்ந்தும்விட்டது, அங்கேயே நின்றான். பாய் காலியாகும். ஓடிப்போய் எடுத்துவிட்டு ஓடிவந்தால் யாருக்குத் தெரியும், யாருக்கும் தெரியாது, ஆண்டவருக்குத் தெரியும், அவர் என்ன பாயைக் காவல் காக்கிற மாசிலாமணியா, பெற்ற தகப்பன் அவசரம் அவருக்குப் புரியாதா, புரியும், நன்றாகவே புரியும், ஆனால் எனக்கு, எனக்குத்தான் புரியவில்லை, நான் எழுந்த அந்த நேரம் பார்த்து அங்கே மூச்சு நின்றால். இது மூட நம்பிக்கை. முழங்காலுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம், ஒயரா இழுத்திருக்கிறது இங்கேயிருந்து பாளையங்கோட்டைக்கு. இருந்தாலும். ஒயர் இருக்கிறதோ இல்லையோ, பிளக்கைப் பிடுங்குகிற துணிச்சல் எனக்கு இல்லை. போன் அடித்தது, அடித்தது, நல்ல செய்தி என்றால் இப்படித்தான் அடிக்கும், கெட்ட செய்தி என்றாலும் இப்படித்தான் அடிக்கும், எவன் கண்டுபிடித்தானோ இந்தச் சனியனை, இரண்டுக்கும் இரண்டு சத்தம் வைத்திருக்கக் கூடாதா. பிறகு, நடு ராகத்தில், பட்டென்று நின்றது.

முழுசாக அடித்து ஓயவில்லை, நடுவில் நின்றது. சத்தத்தோடே பிழைக்கிறவனுக்கு இது தெரியாமல் போகுமா. ஓய்ந்தால் ஒரு கணக்கு, அறுந்தால் வேறு கணக்கு. சார்ஜ் தீர்ந்துவிட்டதா, காலையில்தான் போட்டான். ஹெப்சியே வைத்துவிட்டாளா, ஏன் வைக்க வேண்டும், யாரோ அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும், அவசரமாக, நர்சம்மா ஓடிவந்து, வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே கிங்ஸ்லி. போகாதே என்றால் போகிற பக்கம் அதுதான். முதல் தடவை மூச்சு நின்றபோது பிள்ளையின் நிறம் மாறியதை ஹெப்சி சொன்னாள், நாவற்பழ நிறம் என்றாள், அதற்குப் பிறகு அவன் நாவல் மரத்தைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டே போகிறான். ஆண்டவரே, ஹலோ, ஆண்டவரே, தாரும் தாரும் என்று கேட்டுக் கேட்டு எனக்கே என் குரல் சலித்துவிட்டது, உமக்குச் சலிக்கவில்லையா, ஒரு தடவை கேட்டால் உமக்குப் புரியாதா, புரிந்தால் ஏன் இத்தனை தடவை கேட்க வைக்கிறீர். மின்விசிறி கிர்க் என்றது. அவன் பெருமூச்சு விட்டான். விட்டதும், இழுத்தான். இழுத்ததும், விட்டான். அப்போது அவனுக்கு ஒன்று தட்டுப்பட்டது, பெரிய யோசனை ஒன்றும் இல்லை, வழியில் கிடக்கிற கூழாங்கல் மாதிரி சின்னது: மூச்சும் இப்படித்தானே இருக்கிறது. ஒரு தடவை இழுத்தாயிற்று என்று யாராவது நிறுத்துகிறார்களா, போன நிமிஷம் வாங்கியது இந்த நிமிஷத்துக்கு உதவுகிறதா, வாங்கினதைக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் போய்க் கையேந்தி நிற்க வேண்டியிருக்கிறது, வெட்கமே இல்லாமல், சலிப்பே இல்லாமல், தூக்கத்தில்கூட. அந்தச் சின்னதுக்கு அதுதானே பழகவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, போதும், கூச்சமாக இருக்கிறது என்று நிறுத்திவிடுகிறது, தகப்பன் புத்தி அப்படியே. மகளே, கூச்சப்படாதே. இழு. விடு. திரும்பக் கேளு. இதோ நானும் கேட்கிறேன், நீ இழுக்கிறபோது நானும் இழுக்கிறேன், எனக்கும் ஜெபம் வராது, உனக்கும் மூச்சு வராது, இரண்டு பேரும் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்வோம், இழு, விடு. வார்த்தை எல்லாம் போய்விட்டது. ஹலோகூடப் போய்விட்டது. நெஞ்சு ஏறியது, இறங்கியது. ஜன்னலின் சிவப்புக் கண்ணாடி வழியாக விழுந்த வெயில் பாயின் ஓரத்தில் கிடந்தது, அவன் முழங்கால்மேல் ஏறியது, தொடையைத் தாண்டிக் கைக்கு வந்தது, எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, ஆசீர் அண்ணாச்சி வந்தாரா வரவில்லையா என்று ஒருதரம்கூடத் தோன்றவில்லை, வந்து தொட்டாலும் இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருப்பான். பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை, அதுவும் பக்கத்தில் முழங்காலில்தான் நின்றது, ஆனால் வாயை மூடிக்கொண்டு நின்றது.

கடைசியில் தோற்றது இடது கால்தான். ஒரு அறிவிப்பும் இல்லாமல் மடங்கியது, கிங்ஸ்லி நட்டு கழன்ற பந்தல்கால் மாதிரி பக்கவாட்டில் சரிந்தான், கையை ஊன்றித் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால், எட்டிப்பிடிக்கிற தூரத்தில், ஆசீர் அண்ணாச்சி முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் டெய்சி டீச்சர், மடியில் கைப்பை. அவளுக்குப் பக்கத்தில் மாசிலாமணி, கையில் சாவிக்கொத்து சத்தம் போடாதபடி துண்டில் சுற்றியிருந்தது. அதற்கும் பின்னால் கிருபா என்று ஜெபிக்கிறவள், ராஜாத்தி என்று ஜெபிக்கிறவள், பாத்திரம் தேய்த்த கையோடு வந்தவர்கள், கோயில் பாதி நிறைந்திருந்தது. எல்லார் கண்ணும் மூடியிருந்தது, அண்ணாச்சி மட்டும் ஒரு கண்ணைத் திறந்தார்.

“எப்ப வந்தீய அண்ணாச்சி?”

“இன்டர்வெல் பெல்லு அடிக்க முன்னாடியே வந்துட்டேன்லே. பொறந்ததுலேருந்து மொத தடவையா சீக்கிரம் வந்திருக்கேன், அதை ஒரு பய பாக்கலை.”

“பெறகு ஏன் தொடலை?”

“எங்க தொட? நான் உள்ள வாரேன், ஒன் தோளு அந்தக் குலுங்கு குலுங்குது. பெத்தவன் ஆண்டவர் பாதத்துல ஒடைஞ்சு அழுதுட்டு இருக்கான், அவனைத் தட்டி, நவுருலே என் டைமுன்னு சொல்லச் சொல்லுதியா? நான் மனுசனா மிருகமா?”

கிங்ஸ்லி வாயைத் திறந்தான். ஈரல் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டான்.

“போனு?” என்றான்.

“நான் எடுத்துட்டேன்” என்றாள் டெய்சி டீச்சர். “படியேறும்போது செருப்பு கத்திட்டுக் கெடந்துது. ஹெப்சிதான். ட்யூபை எடுத்துட்டாங்களாம்.”

“எடுத்துட்டாங்களா? பெறகு?”

“பெறகு என்ன பெறகு, அவ விடுதா. ஆனா கொஞ்ச நேரம் வச்சுப் பாத்துட்டுத்தான் எதுவும் சொல்லுவேன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களாம். அவங்க ஜெபத்துல இருந்தா எழுப்பாதீங்க டீச்சர், அப்படியே இருக்கட்டும், முடிஞ்சா நீங்களும் கூட இருங்கன்னு ஒன் பொண்டாட்டி சொன்னா. அதான் இருந்தோம்.”

“இம்புட்டு நேரமும்?”

“நீ இருந்தே, நாங்க இருந்தோம்.”

அவள் கைப்பைக்குள் போன் அடித்தது. கோயிலுக்குள், கிராதிக்கு முன்னால். மாசிலாமணி திடுக்கிட்டார், சாவிக்கொத்து கீழே விழுந்தது. “கோயிலுக்குள்ள போனா டீச்சர்?” என்று ஆசீர் அண்ணாச்சி கண்ணை உருட்டினார். “ஒம்ம குத்துப்பாட்டுக்கு இது எவ்வளவோ மேல், சும்மா இரும்” என்று சொல்லிவிட்டு டீச்சர் போனைக் கிங்ஸ்லியிடம் நீட்டினாள். பச்சையை அழுத்தப்போய் அவன் விரல் இரண்டு தடவை தவறியது.

“அத்தான்.” ஹெப்சி அழுதுகொண்டு சிரித்தாளா சிரித்துக்கொண்டு அழுதாளா என்று பிரிக்க முடியவில்லை. “டாக்டரம்மா பாத்துட்டாங்க. மெஷின் இனி வேண்டாமாம், ஓரமா நகட்டியாச்சு. இல்ல, நீங்க ஒண்ணும் பேசாதீங்க. நர்சம்மா போனைப் பக்கத்துல பிடிக்காங்க. கேளுங்க.”

முதலில் ஒன்றும் இல்லை, ஒரு கரகரப்பு. பிறகு வந்தது. இத்தனை நாளும் ட்யூப் தொண்டைக்குள் கிடந்ததால் பிள்ளை அழுதாலும் வாய்தான் திறக்கும், சத்தம் வெளியே வராது என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். இதுதான் முதல் சத்தம். தொழில்காரன் காதுக்கு அது மகா மோசமான சத்தம், அத்தனையும் ட்ரெபிள், பேஸ் மருந்துக்குக்கூட இல்லை, நடுநடுவே பிசிறு, துருப்பிடித்த குழாய் ஸ்பீக்கர்கூட இதைவிட நன்றாக ஒலிக்கும். அழுதது, நிறுத்தியது. கிங்ஸ்லியின் மூச்சும் நின்றது. பிறகு உள்ளே இழுத்து, முன்னைவிடக் கோபமாக, திரும்ப அழுதது.

“என்னலே இந்தப் பொடிசுக்கு இம்புட்டுக் கோவம்?” என்றார் ஆசீர் அண்ணாச்சி, கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டே. “சரி, நவுரு. என் மணி நேரம்.”

“அதான் கெடைச்சுட்டே அண்ணாச்சி, இனி எதுக்கு?”

“கேக்கதுக்கு மட்டும் ஆளு வேணும், வாங்கிட்டா வீட்டுக்குப் போயிரணுமோ? நவுருலே.”

கால் இன்னும் திரும்பி வரவில்லை. கிங்ஸ்லி உட்கார்ந்தபடியே கையால் தன்னைத் தள்ளித் தள்ளிப் பாயை விட்டு நகர்ந்தான், அண்ணாச்சி பொத்தென்று அந்த இடத்தில் முழங்கால் போட்டார். பின்வரிசையிலிருந்து பெண்கள் எழும்பி வந்து ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, “எங்களுக்கும் வைங்க, எங்களுக்கும்” என்றார்கள். கிங்ஸ்லி போனைக் கிராதிமேல் நிமிர்த்தி வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, சத்தத்தைக் கடைசி வரைக்கும் கூட்டினான்.